மருந்து தரும் மன்னார்க் கடல்

பாசி பறிக்கும் கைகளும் மருந்து தேடும் விஞ்ஞானிகளும்

காய்ச்சல் ஒரு வாரமாக விடவில்லை. டாக்டர் ரத்தத்தையோ சிறுநீரையோ "கல்ச்சர்" பார்க்கச் சொல்கிறார். பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால், இரண்டு மூன்று நாள் கழித்து வாருங்கள் என்கிறார்கள். அந்த இரண்டு மூன்று நாளும் உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு சின்ன வட்டத் தட்டு. அதில் பளபளவென்று உறைந்த கூழ். அந்தக் கூழின் மேல் கிருமியை விதைக்கிறார்கள். கிருமி முளைத்து, புள்ளி புள்ளியாகப் பெருகுகிறது. எந்த மருந்து வைத்தால் அது சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்க்கிறார்கள். அதன் பிறகுதான் டாக்டர் சரியான மருந்தை எழுதுகிறார்.

அந்தக் கூழ் எதனால் ஆனது தெரியுமா? கடற்பாசியால் ஆனது!

ரம்ஜான் மாதத்தில் கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் நோன்பு திறக்கும் வேளையில், பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, ஆற வைத்து, துண்டு துண்டாக வெட்டி வைக்கிறார்களே, அந்தக் கடல்பாசியின் உடன்பிறப்புதான் ஆஸ்பத்திரித் தட்டில் இருப்பதும். ஒன்று நாக்குக்கு. மற்றொன்று நோய்க்கு.

மன்னார் வளைகுடாவில் விளையும் பாசியும் பஞ்சும் சங்கும் இன்று வைத்திய உலகின் கவனத்துக்கு வந்திருக்கின்றன. வலி, சர்க்கரை வியாதி, புற்றுநோய் என்று மனிதனை வாட்டும் துன்பங்களுக்கெல்லாம் கடலில் மருந்து கிடைக்குமா என்று உலகெங்கும் தேடுகிறார்கள். கிடைத்தும் இருக்கிறது. எப்படிக் கிடைத்தது? அதனால் நம் கரைக்கு என்ன பயன்? பார்ப்போம்.

அடுக்களையில் பிறந்த யோசனை

1881-ம் ஆண்டு. ஜெர்மனியின் பெர்லின் நகரம். அங்கே ராபர்ட் கோச் என்ற பெரிய டாக்டரின் ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. நோய்க் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஜெலாட்டின் என்ற, மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் கூழில் வளர்த்துப் பார்த்தார்கள். கிருமி வளர மனித உடம்பின் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் ஜெலாட்டின் உருகி ஓடிற்று! போதாக்குறைக்குச் சில கிருமிகள் ஜெலாட்டினையே தின்று தீர்த்தன.

அந்தக் கூடத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்ற டாக்டர் வேலை பார்த்தார். அவருடைய மனைவி ஃபேனி, கணவருக்குப் படம் வரைந்து கொடுத்தும், கூழ் காய்ச்சிக் கொடுத்தும் உதவி வந்தார். அவர் செய்யும் பழக்கூழ் மட்டும் கோடையிலும் உருகுவதில்லை. காரணம் என்ன என்று கணவர் கேட்டார். ஜாவாவில் இருந்து வந்த ஒரு குடும்பத்தாரிடம் கற்றுக்கொண்டது, அகர்-அகர் சேர்க்கிறேன் என்றார் ஃபேனி. அகர்-அகர் என்பது மலாய்ச் சொல். பாசியிலிருந்து எடுக்கும் கூழ் அது.

காரியம் முடிந்தது. அகர் ஒரு தடவை உறைந்துவிட்டால், மறுபடி உருக 85 டிகிரி சூடு வேண்டும். உடம்புச் சூடு 37 டிகிரிதான். பெரும்பாலான கிருமிகளால் அதைத் தின்னவும் முடியாது. அடுத்த வருஷமே, 1882 மார்ச் 24-ந் தேதி, காச நோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கோச் அறிவித்தார். அகரைப் பற்றியும் அந்த வருஷம் எழுதினார். யோசனை சொன்ன ஃபேனி அம்மையாரின் பெயரை மட்டும் எழுதவில்லை!

அன்றிலிருந்து இன்று வரை, கிருமி பார்க்கும் தட்டுகளில் பாசிக்கூழ்தான் ஆட்சி செய்கிறது. மரபணுச் சோதனையிலும் அதற்கு வேலை உண்டு. குற்றவாளி யார், தகப்பன் யார், பரம்பரை நோய் உண்டா என்று கண்டறிய டி.என்.ஏ.யைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்களே, அதற்கு உதவும் அகரோஸ் என்ற பொருளும் அகரிலிருந்து எடுப்பதுதான்.

உலகம் இதற்கு எவ்வளவு கட்டுப்பட்டிருக்கிறது என்பது 2015-ல் தெரிந்தது. ஆப்பிரிக்காவின் மொராக்கோ நாடு, தன் கடலில் பாசி அளவுக்கு மீறிப் பறிக்கப்படுகிறது என்று ஏற்றுமதியைக் குறைத்தது. அகர் விலை ஏறிற்று. பெரிய பெரிய ஆராய்ச்சிக் கூடங்கள் கவலைப்பட்டன. ஒரு தேசத்தின் கரையில் பாசி குறைந்தால், உலகத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கஷ்டம்!

மண்டபத்துப் பாசி

இரண்டாம் உலக யுத்தம் வரையில் அகருக்கு ஜப்பானைத்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். யுத்தம் வந்ததும் சரக்கு நின்றது. அப்போதுதான் மற்ற நாடுகள் தங்கள் தங்கள் கடலைத் திரும்பிப் பார்த்தன. இந்தியாவிலும் சொந்தப் பாசியில் அகர் எடுக்கும் முயற்சிகள் தொடங்கின.

சுதந்திரம் வந்த 1947-ம் ஆண்டில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1949-ல் அது மண்டபம் முகாமுக்கு வந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களைத் தங்க வைத்த அதே முகாம்! 1971-ல் தலைமை அலுவலகம் கொச்சிக்குப் போகும் வரை, இந்தியாவின் கடல் ஆராய்ச்சிக்கு மண்டபமே தலைநகரம். பாவ்நகரில் தலைமையகம் வைத்திருக்கும் மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையமும் மண்டபத்தில் பாசி ஆராய்ச்சிக்கென்று ஒரு கிளை வைத்திருக்கிறது.

விஞ்ஞானிகள் வாயில் நுழையாத லத்தீன் பெயர்களைச் சொல்வார்கள். நம் கடலோர மக்கள் வைத்திருக்கும் பெயர்களோ அழகானவை. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி! மரிக்கொழுந்தும் கஞ்சிப் பாசியும் அகருக்கு. கட்டக்கோரையும் பக்கோடாவும் ஆல்ஜினேட் என்ற இன்னொரு பொருளுக்கு.

ஆல்ஜினேட் எதற்கு? செயற்கைப் பல் கட்டும் டாக்டர், வாயில் ஒரு மாவை வைத்துக் கடிக்கச் சொல்லி அச்சு எடுக்கிறாரே, அந்த மாவில் அது உண்டு. நீர் வடியும் புண்ணின் மேல் வைக்கும் ஒரு வகைக் கட்டும் அதில் செய்கிறார்கள். புண்ணின் ஈரத்தை உறிஞ்சி, தானே கூழாகி, புண்ணோடு ஒட்டாமல் வந்துவிடும். நெஞ்செரிச்சல் மருந்திலும் அது சேருகிறது.

இன்னொன்று, "கப்பாபைக்கஸ்" என்ற வெளிநாட்டுப் பாசி. பிலிப்பைன்ஸ் கடலில் விளைவது. அதைக் கொண்டுவந்து, மண்டபம் பகுதியில் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். 2000-ம் ஆண்டை ஒட்டிப் பெப்சி கம்பெனி இதில் இறங்கியது. இதிலிருந்து கிடைப்பது காராஜீனன் என்ற பசை. பற்பசை, பால் பானங்கள் முதலியவற்றில் சேருகிறது. ஒரு வேடிக்கை கேளுங்கள். 1962-லிருந்து, வீக்கத்துக்குப் புது மருந்து கண்டுபிடித்தால், முதலில் எலியின் பாதத்தில் இந்தக் காராஜீனனை ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். பாதம் வீங்குகிறது. அந்த வீக்கத்தை மருந்து வற்ற வைக்கிறதா என்று பார்க்கிறார்கள்!

விஷமே மருந்து

பாசியை விட்டுச் சங்குக்கு வருவோம்.

ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் சங்கும் சோழியும் விற்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். ஐஸ்கிரீம் கூம்பு போன்ற வடிவத்தில், மேலே கோலம் போட்டது போல் புள்ளியும் வலையுமாக ஒரு சங்கு இருக்கும். குழந்தைகள் ஆசைப்பட்டு வாங்கும். உயிரோடு இருக்கும்போது அதைக் கையில் எடுத்தால் ஆபத்து!

அந்தச் சங்குக்குள் இருக்கும் பூச்சி, ஊசி போன்ற ஒரு பல்லை வைத்திருக்கிறது. அந்தப் பல்லால் குத்தி விஷத்தை ஏற்றுகிறது. நத்தையைப் போல் ஊர்ந்து போகும் பிராணி, துள்ளி ஓடும் மீனை எப்படிப் பிடிக்கும்? விஷம் ஏறிய மறுகணமே மீன் மரத்துப் போகிறது. சில வகைகளின் விஷம் மனிதனையும் கொல்லக் கூடியது. மாற்று மருந்து கிடையாது.

பிலிப்பைன்ஸ் நாட்டில் பிறந்தவர் பால்தொமேரோ ஒலிவேரா. சிறு வயதிலேயே இந்தச் சங்குகளைப் பொறுக்கிச் சேர்த்தவர். பிறகு அமெரிக்காவில் யூட்டா பல்கலைக் கழகத்தில் விஞ்ஞானியாகி, இதன் விஷத்தைப் பிரித்துப் பார்த்தார். ஒரே விஷம் என்று நினைத்தது, எத்தனையோ சிறு புரதங்களின் கலவையாக இருந்தது. ஒவ்வொன்றும் நரம்பில் ஒவ்வொரு கதவை மூடுகிறது.

அவற்றில் ஒன்று, வலியை மூளைக்குக் கொண்டு செல்லும் கதவை மூடுவது. அதைத்தான் மருந்தாக்கினார்கள். ஜிக்கோனடைடு என்று பெயர். 2004 டிசம்பரில் அமெரிக்க சர்க்கார் அனுமதி கொடுத்தது. எதற்கும் அடங்காத கொடிய வலியுள்ளவர்களுக்கு, முதுகுத் தண்டு நீரில் சிறு பம்பு வைத்துச் செலுத்துகிறார்கள். அபின் வகை மருந்து போல இதற்கு மனிதன் அடிமையாவதில்லை. ஆனால் மனம் பேதலித்தல் போன்ற பக்க விளைவுகள் உண்டு. அதனால் எல்லோருக்கும் கொடுப்பதில்லை.

2015-ல் இன்னொரு அதிசயம் தெரிய வந்தது. ஒரு வகைச் சங்கு, தன் விஷத்தில் இன்சுலினையே சேர்த்து வைத்திருக்கிறது! அதை நீரில் விடுகிறது. மீனின் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி, மீன் மயங்குகிறது. சங்கு விழுங்குகிறது. இந்த இன்சுலின் மனித இன்சுலினை விடச் சீக்கிரம் வேலை செய்யும் அமைப்புள்ளது. இதைப் பார்த்து, சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வேகமாகப் பலன் தரும் புது இன்சுலின் செய்ய முடியுமா என்று ஆராய்கிறார்கள்.

நம் நாட்டு விஞ்ஞானிகளும் சும்மா இருக்கவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர் பி. பலராமும், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பேராசிரியர் கே. எஸ். கிருஷ்ணனும் இந்தியக் கடலோரச் சங்குகளின் விஷத்தை ஆராய்ந்தார்கள். தமிழ்நாட்டுக் கரையில் கிடைக்கும் வகைகளிலிருந்து புதுப் புரதங்களைப் பிரித்து, அவற்றின் அமைப்பையும் வெளியிட்டார்கள். கடையில் மேஜை அலங்காரத்துக்கு விற்கும் சங்குக்குள் எத்தனை ரகசியம்!

பஞ்சும் சொறியும்

புற்றுநோய்க்கு வருவோம். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புளோரிடா கடலில் எடுத்த ஒரு கடற்பஞ்சில், வெர்னர் பெர்க்மன் என்பவர் புதுமையான சில ரசாயனங்களைக் கண்டார். அவற்றை மாதிரியாக வைத்துப் பிறகு உண்டாக்கப்பட்ட மருந்துதான் சைட்டராபின். 1969-ல் அனுமதி பெற்றது. ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய மருந்து அதுதான். ஜப்பான் கடலின் கறுப்புப் பஞ்சு ஒன்றில் 1980-களில் கண்ட பொருளைப் பின்பற்றிச் செய்த எரிபுலின், 2010-ல் மார்பகப் புற்றுநோய்க்கு வந்தது.

வலையில் சொறி விழுந்தால் மீனவர் முகம் சுளிப்பார்கள். பட்ட இடம் எரியும். ஜெல்லி மீன் என்று படித்தவர்கள் சொல்வது அதைத்தான். பசிபிக் கடலில் உள்ள ஒரு சொறி இருட்டில் பச்சையாக ஒளிவிடுகிறது. அந்த ஒளிக்குக் காரணமான புரதத்தை ஜப்பானியரான ஒசாமு ஷிமோமுரா கண்டுபிடித்தார். அதை உயிரணுவுக்குள் விளக்கு போல ஏற்றி வைத்தால், புற்றுநோய் எப்படிப் பரவுகிறது, நரம்பு எப்படி வளர்கிறது என்று கண்ணால் காணலாம்! ஷிமோமுராவுக்கும், அதை வளர்த்தெடுத்த மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் இருவருக்கும் 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கடலில் மருந்து தேடுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. சங்கு பற்பம், முத்துச் சிப்பி பற்பம், பவழ பற்பம், கடல் நுரை எல்லாம் சித்த வைத்தியத்தில் வெகு காலமாக இருப்பவை. அன்று சங்கைப் புடம் போட்டார்கள். இன்று சங்குக்குள் இருந்த பிராணியின் புரதத்தைப் பிரிக்கிறார்கள்.

விளம்பரத்தை நம்பலாமா?

மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் காஜல் சக்கரவர்த்தியும் அவருடைய குழுவினரும் கடற்பாசிச் சத்திலிருந்து மூட்டு வலி, சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்குப் பயன்படும் மாத்திரைகளை ஒவ்வொன்றாக உருவாக்கியிருக்கிறார்கள். "கடல்மீன்" என்ற பெயரில் அவை விற்பனைக்கும் வந்திருக்கின்றன. பாராட்ட வேண்டிய வேலை.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இவை சத்துப் பொருள் என்ற வகையைச் சேர்ந்தவை. டாக்டர் சீட்டு எழுதித் தரும் மருந்துக்கு வேறு பாதை உண்டு. சோதனைக் குழாயில் பலித்தது எலியிடம் பலிக்க வேண்டும். எலியிடம் பலித்தது சில மனிதர்களிடம் பலிக்க வேண்டும். பிறகு பல நூறு பேரிடம் பலிக்க வேண்டும். தீங்கும் இருக்கக் கூடாது. கூம்புச் சங்கின் விஷம் மருந்தாக வெளிவர ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிடித்தது!

"பாசிப் பொடி சாப்பிட்டால் சர்க்கரை ஓடிவிடும், புற்றுநோய் கரைந்துவிடும்" என்று யாராவது டப்பா விற்றால் நம்ப வேண்டாம். இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டுப் பாசி தின்பவர், பாசியால் அல்ல, நிறுத்தியதால் கெடுவார். பாசியில் அயோடின் அதிகம் என்பதால் தைராய்டுக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

கடலுக்குச் சுகமா?

மருந்து கடலிலிருந்து வருகிறது. அந்தக் கடல் சுகமாக இருக்கிறதா?

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள். 1986-ல் அவற்றைச் சுற்றி 560 சதுர கிலோ மீட்டர் கடல், தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-ல் 10,500 சதுர கிலோ மீட்டர் கொண்ட மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் ஏற்பட்டது. பவளப் பாறைகளே இங்கே எல்லாவற்றுக்கும் வீடு. பஞ்சு ஒட்டுவதும் சங்கு ஒளிவதும் பாசி வேர் பிடிப்பதும் அங்கேதான்.

பவளம் வெயில் தாங்காது. கடல் நீர் சில வாரம் அளவுக்கு மீறிச் சூடானால் வெளுத்துப் போகும். சூடு நீடித்தால் செத்துப் போகும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் அப்படிப் பவளம் வெளுத்தது. 2024-லும் அதே கதை. சூடு பாசியையும் விடவில்லை. 2013-க்குப் பிறகு மிதவையில் வளர்த்த கப்பாபைக்கஸ் பெருமளவு அழிந்து, அதை நம்பியிருந்த குடும்பங்கள் தவித்தன.

மனிதன் செய்யும் உதவியே உபத்திரவமாவதும் உண்டு. வருமானத்துக்காகக் கொண்டுவந்த அதே கப்பாபைக்கஸ் குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்து மூடுவதை, 2008-ல் மதுரைக் காமராசர் பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். இப்போது ராமநாதபுரம் ஜில்லா வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் பாசிப் பூங்கா அமைக்க 2023 செப்டம்பரில் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டிருக்கிறது. பாசித் தொழில் வளரட்டும். எந்தப் பாசியை, பவளத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் வளர்ப்பது என்பதில் குருசடை தந்த பாடத்தை மறக்க வேண்டாம்.

பங்கு யாருக்கு?

இனி, பாசி எடுக்கும் பெண்களைப் பார்ப்போம்.

ராமநாதபுரம் கரையில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி பறிக்கிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி. பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணிச் சுற்று. இடுப்பில் பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவதும், ஒரு பிடி பறித்துக்கொண்டு மேலே வருவதும். இப்படி ஒரு நாளில் எத்தனை தடவை! ஆனால் அந்தத் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வந்துவிட்டன. நேற்று வரை பிழைப்பாக இருந்தது இன்று குற்றமாகிவிட்டது.

அந்தப் பெண்கள் தாங்களாகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாட்கள் மட்டும் பறிப்பது, இனப் பெருக்கக் காலத்தில் ஓய்வு கொடுப்பது, வேரோடு பிடுங்காமல் கையால் கிள்ளி எடுப்பது. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி பறிக்கும் பெண்மணிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு பரிசு கொடுத்துக் கௌரவித்தது. கடலைக் காப்பாற்றுவதற்கான பரிசு அது!

வைத்தியத்துக்குக் கடல் கொடுப்பது இரண்டு விதம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

முதல் விதம் அகர், ஆல்ஜினேட் போன்றது. தினமும் பாசி வேண்டும். பறிக்கிறவருக்கு வேலை உண்டு. ஆனால் கரையில் ஒரு விலை. தரகர் கை மாறி, ஆலை தாண்டி, சுத்தம் செய்து ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போகும்போது வேறு விலை. இடையில் ஏறும் தொகையில் பறித்தவருக்குப் பங்கு இல்லை.

இரண்டாவது விதம் ஜிக்கோனடைடு, சைட்டராபின் போன்றது. சங்கும் பஞ்சும் ஆரம்பத்தில் மட்டும் வேண்டும். ரசாயன அமைப்பு தெரிந்துவிட்டால், ஆலையில் செய்துகொள்ளலாம். கடலுக்குத் தொல்லை இல்லை என்பது நல்லதுதான். ஆனால் கரைக்கும் ஒன்றும் இல்லை! மரபணு வரிசையைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாலோ, சங்கு எந்த ஊர்க் கடலிலிருந்து வந்தது என்ற ஞாபகம் கூட இருக்காது.

இதற்காகத்தான் 2002-ல் உயிரினப் பன்மைச் சட்டம் வந்தது. சென்னையில் தேசிய உயிரினப் பன்மை ஆணையம் ஏற்பட்டது. வெளிநாட்டுக் கம்பெனி நம் உயிரினத்தை எடுத்து ஆராயவோ வியாபாரம் செய்யவோ அதன் அனுமதி வேண்டும். லாபத்தில் பங்கும் கொடுக்க வேண்டும்.

சட்டம் ஏட்டோடு நிற்கவில்லை என்பதற்கு ராமநாதபுரமே சாட்சி. 2,000 டன் கப்பாபைக்கஸை வெளிநாட்டுக்கு அனுப்பியதற்காகப் பெப்சி கம்பெனி, ஏற்றுமதி மதிப்பில் 5 சதவிகிதம் என்ற கணக்கில் 37 லட்ச ரூபாய்க்கு மேல் ஆணையத்துக்குக் கட்டியது. பாசி வளர்த்த கடலோரக் குடும்பங்களுக்கு அதிலிருந்து உதவி போயிற்று. தொகை பெரிதல்ல. "கடலில் எடுத்தால் கரைக்குக் கொடுக்க வேண்டும்" என்ற நியாயம் பெரிது.

2023-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, தொழிலுக்கு வசதியாகச் சில கட்டுப்பாடுகளைத் தளர்த்தியிருக்கிறார்கள். உள்நாட்டு ஆராய்ச்சியும் வியாபாரமும் வளர அது தேவை என்கிறது சர்க்கார். கரையோர மக்களுக்கு வர வேண்டிய பங்கு குறையுமோ என்று அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். உலக அளவில், கம்ப்யூட்டரில் ஏற்றிய மரபணு விவரத்தைப் பயன்படுத்தி லாபம் அடையும் கம்பெனிகளிடமிருந்து பணம் திரட்டுவதற்கென்று 2025 பிப்ரவரியில் "காலி நிதி" தொடங்கப்பட்டது. அதில் குறைந்தது பாதி, பழங்குடிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் கம்பெனிகள் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

என்ன செய்யலாம்?

தீவுகளைப் பூட்டிவிட்டால் மட்டும் பவளம் பிழைத்துவிடாது. சூட்டைக் காவலாளி தடுக்க முடியாது. கடலின் அடிப்பாகத்தை மாதம் தவறாமல் கண்ணால் பார்க்கிறவர்கள் பாசி பறிக்கும் பெண்களே. எந்தப் பாறையில் மரிக்கொழுந்து குறைந்தது, எந்த இடத்தில் பவளம் வெளுத்தது என்பது, கப்பல் ஏறி வரும் ஆராய்ச்சியாளருக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். அவர்களைப் பூங்காவின் எதிரிகளாக நடத்துவதை விட்டு, அளந்து பறிக்க அனுமதியும், பார்த்ததைச் சொல்லக் கூலியும் கொடுத்தால் விஞ்ஞானத்துக்கும் லாபம், வயிற்றுக்கும் லாபம்.

பாசியை ஈரமும் மணலுமாக விற்பதை விட, சுத்தம் செய்து அகராகவே விற்கும் ஆலைகள் கரையிலேயே வர வேண்டும். ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே படிக்கும் மாணவர்கள் தினந்தோறும் பார்க்கும் கிருமித் தட்டில், சில மைல் தூரத்துக் கடலின் அகர் இருக்குமானால் அது எவ்வளவு பொருத்தம்!

ஃபேனி அம்மையாரின் பெயரைக் கோச் எழுதவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு இன்று உலகம் அவரை நினைக்கிறது. மன்னார்க் கடலிலிருந்து நாளை ஒரு நல்ல மருந்து வரலாம். அன்றைக்கு, முதல் பிடிப் பாசியை மூச்சடக்கிப் பறித்து வந்தவளின் பெயரும் பங்கும் கணக்கில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கை இப்போதே எழுதத் தொடங்குவது நல்லது.